ப்ரொஜெக்டரை அணைத்த பிறகு

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்பது பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி அது ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும்; நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் திறந்த அவையிலேயே நடத்துவது வழக்கம். முன்கூட்டியே அறிவிப்பு வரும். அவையில் இருப்பவர்கள் கேள்வியும் கேட்கலாம். நடைமுறையில் வருகிறவர்கள் யார்? ஆய்வாளரின் வீட்டார், அதே நெறியாளரிடம் பதிவு செய்திருக்கும் மற்ற ஆய்வாளர்கள், நாற்காலி நிரம்ப வேண்டும் என்று வகுப்பிலிருந்து கூட்டிவரப்பட்ட முதுகலை மாணவர்கள். சம்பந்தமில்லாத ஒருவன் வேலை மெனக்கெட்டு வந்து நின்றால் காவலாளி முதல் அலுவலகக் கண்காணிப்பாளர் வரை எல்லோருக்கும் சந்தேகம்தான்.

நான் போனது விளையாட்டு மேலாண்மைத் துறைக்கு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று; பெயர் வேண்டாம் என்று துறைத் தலைவர் கேட்டுக்கொண்டார், நானும் ஒப்புக்கொண்டேன். காலையில் ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டம், பிற்பகலில் ஒருவருக்கு வாய்மொழித் தேர்வு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைத்த வாய்ப்பை விட மனமில்லை.

இந்தத் துறையின் மேல் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட். 2023இல் சென்னையில் ஸ்குவாஷ் உலகக் கோப்பை, அது முடிந்து சில வாரங்களில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய ஹாக்கி சாம்பியன்ஸ் கோப்பை. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நான்கு ஊர்களில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள். இவ்வளவையும் நடத்த ஆள் வேண்டும். அந்த ஆட்களுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர்கள் வேண்டும். அந்த ஆசிரியர்களை உருவாக்கும் இடம்தான் முனைவர் பட்டப் படிப்பு. பயிற்சியாளருக்கான படிப்பு அல்ல இது. அரங்கை யார் பராமரிப்பது, சங்கத் தேர்தலை எப்படி நடத்துவது, டிக்கெட் விலையை எதை வைத்து முடிவு செய்வது, தன்னார்வலர் ஏன் வருகிறார், ஏன் பாதியில் நின்றுவிடுகிறார் என்பதுபோன்ற கேள்விகள்தான் இதன் சரக்கு. சரி, இதைப் படித்து முடித்த ஒருவர் உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொண்டாரா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தொடக்கத்தில் எழுதும் சில பாடத் தேர்வுகளைத் தவிர மதிப்பெண் பட்டியலே இல்லாத படிப்பாயிற்றே.

துறைத் தலைவர் ஐம்பதைக் கடந்தவர், பழைய கைப்பந்து வீராங்கனை. அமெரிக்காவில் இதே துறையில் ஆய்வு செய்துவிட்டு ஊர் திரும்பியவர். என் கேள்வியைக் கேட்டதும் அலமாரியிலிருந்து ஒரு பாக்ஸ் ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். "நீங்க கேட்டதுக்கு அலுவலக ரீதியான பதில் இது. பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்."

கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்காகத் தயாரித்த கோப்பு. கல்லூரிகளுக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்கு இதன் வாசனை தெரியும். ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் விளைவுகள் ஐந்து. முழுப் படிப்புக்குமாகச் சில விளைவுகள். இரண்டையும் கட்டம் கட்டி இணைத்து, தொடர்பு பலமா, நடுத்தரமா, சொற்பமா என்று 3, 2, 1 போட்ட அட்டவணை. இளங்கலைக்குப் பழகிய அந்த அச்சில் முனைவர் பட்டத்தையும் ஊற்றியிருந்தார்கள். நேரடி மதிப்பீட்டுக்கு 80 சதவீதம், கருத்துக்கணிப்புக்கு 20 சதவீதம். இத்தனை சதவீதம் பேர் இவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தால் அடைவு நிலை 3. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லா இடத்திலும் 3. ஓரிடத்தில் மட்டும் 2.

"இது என்ன மேடம், இங்க மட்டும் குறைஞ்சிருக்கு?"

"அந்த வருஷம் கோர்ஸ் ஒர்க்ல நாலு பேர். ஒரு பையனுக்குப் பரீட்சை அன்னைக்கு டெங்கு. 25 சதவீதம் போச்சு. அதுக்கு ஒரு திருத்த நடவடிக்கை அறிக்கை வேற எழுதினோம். அடுத்த பக்கத்துல இருக்கு பாருங்க."

இருந்தது. 'சிறப்பு வகுப்புகள் நடத்தப்பட்டன' என்று இருந்தது.

சிரிப்பு வந்தாலும் விஷயம் சிரிப்புக்குரியது அல்ல. நூறு பேர் எழுதும் பட்டப்படிப்புத் தேர்வில் சதவீதத்துக்குப் பொருள் உண்டு. முனைவர் பட்டத்தில் ஆண்டுக்கு இருவர் மூவர்தான் சேர்வார்கள். பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது என்பது விதி. இந்த எண்ணிக்கையில் சராசரி பார்ப்பது, ஒரே ஒரு ஓவரை வைத்து ஒரு பந்துவீச்சாளரின் வாழ்க்கையை எடைபோடுகிற மாதிரி.

விதிகள் என்ன சொல்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் அரசிதழில் வந்த மானியக் குழு விதிகள்தான் இன்றைய அடிப்படை. படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. தொடக்கத்தில் கோர்ஸ் ஒர்க் எனும் பாடப் படிப்பு, குறைந்தது 12 கிரெடிட். அதில் 55 சதவீதம் எடுத்தால்தான் மேலே போகலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழுவின் முன் வந்து நின்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். ஆய்வேட்டைக் கருத்துத் திருட்டுச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். 10 சதவீதம்வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, அதைத் தாண்டினால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நெறியாளர் தவிரக் குறைந்தது இரண்டு வெளித்தேர்வாளர்கள் படித்துப் பார்க்க வேண்டும். பிறகு வாய்மொழித் தேர்வு. எல்லாம் முடிந்ததும் ஆய்வேட்டின் மின்பிரதி ஷோத்கங்கா தளத்துக்குப் போக வேண்டும்.

இதற்கு முந்தைய 2016 விதிகளில் இன்னொன்று இருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு எண்ணைக் கட்டாயமாக்கினால் அந்த எண்ணை விற்க ஒரு சந்தை கிளம்பும். கிளம்பியது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் பிரசுரம் என்று வாட்ஸ்ஆப்பில் வரும் அழைப்புகளைப் பார்க்காத ஆய்வாளர் இங்கே கிடையாது. 2022இல் அந்தக் கட்டாயம் விதியிலிருந்து போனது. போனது நல்லதுதான் என்பது என் கட்சி. துறைத் தலைவருக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, "வெளியில யாரோ ஒருத்தர் உங்க எழுத்தைத் திருப்பி அனுப்புற அனுபவம் வேணும். அது இல்லாம டாக்டர் ஆகுறது நல்லதில்ல," என்றார்.

கூட்டத்துக்கு இன்னும் நேரமிருந்தது. டீ வந்தது. அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன்.

இந்தத் துறையே அங்கே பிறந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. 1957இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் முதலாளி வால்டர் ஓமாலி, ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார்: அரங்கை, அணியை, போட்டியை நிர்வகிக்கத் தெரிந்த ஆள் எனக்கு வேண்டும், எந்தப் பல்கலைக்கழகத்தில் போய்த் தேடுவது? அந்தக் கேள்விக்குப் பதிலாக 1966இல் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு தொடங்கியது. ஆக, 'படித்து முடித்தவனுக்கு என்ன தெரியும்?' என்று வெளியே இருக்கும் ஒருவர் கேட்பதுதான் இந்தத் துறையின் பிள்ளையார் சுழி. 1985இல் வட அமெரிக்க விளையாட்டு மேலாண்மைச் சங்கம் உருவானது; 1987இல் அதன் ஆய்விதழ். பிறகு படிப்புகளுக்குத் தரச்சான்று கொடுக்க காஸ்மா என்ற அமைப்பு. இளங்கலை முதல் முனைவர் பட்டம்வரை அதன் வளையத்துக்குள் வரும்.

"காஸ்மா என்ன கேக்கும்னா, நீங்க விளைவுன்னு சொல்றதை நேரடியாவும் அளந்து காட்டணும், மறைமுகமாவும் அளந்து காட்டணும்," என்றார் அவர். நேரடி என்றால் மாணவர் செய்த வேலையைப் பார்த்து மதிப்பிடுவது: தகுதித் தேர்வு விடை, ஆய்வு முன்வரைவு, ஆய்வேடு, வாதம். மறைமுகம் என்றால் மாணவரையோ பழைய மாணவரையோ வேலை கொடுத்தவரையோ கேட்பது. 'நான் நன்றாகக் கற்றேன்' என்று மாணவர் டிக் அடிப்பது இரண்டாவது வகை. அது கற்றதற்குச் சாட்சி ஆகாது; திருப்திக்குச் சாட்சி ஆகலாம்.

நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இல்லாத ஒன்று அங்கே உண்டு: நடுவில் வரும் விரிவுத் தேர்வு. பாடங்கள் முடிந்து, ஆய்வைத் தொடங்கும் முன், குழு கொடுக்கும் பெரிய கேள்விகளுக்கு நாள்கணக்கில் உட்கார்ந்து எழுதி, பிறகு அதே குழு முன் நின்று வாயாலும் காக்க வேண்டும். அதில் தவறினால் படிப்பு அத்தோடு முடியவும் வாய்ப்புண்டு. நம் ஊரில் கோர்ஸ் ஒர்க் தேர்வில் தவறியவர் என்று யாரையாவது காட்டச் சொன்னால் தேடத்தான் வேண்டும்.

அதற்காக அமெரிக்காவில் எல்லாம் தெளிவாக நடக்கிறது என்று எண்ண வேண்டாம். பார்பரா லோவிட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு வேலை செய்தார். 9 பல்கலைக்கழகங்களில், 10 துறைகளில், 276 பேராசிரியர்களை உட்கார வைத்து, மிகச் சிறந்த ஆய்வேடு எப்படி இருக்கும், நல்லது எப்படி, பரவாயில்லை என்பது எப்படி, தேறாதது எப்படி என்று பேசவைத்தார். 2007இல் புத்தகமாக வந்தது. வாழ்நாள் முழுக்க ஆய்வேடு திருத்தியவர்கள், தாங்கள் எதை வைத்துத் திருத்துகிறோம் என்று அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதுதான் அந்தப் புத்தகத்தின் ஆதாரச் செய்தி. பத்துத் துறைகளில் இயற்பியல் உண்டு, தத்துவம் உண்டு. விளையாட்டு மேலாண்மை இல்லை. நம் துறைத் தலைவர் அப்படியொரு தர விவரணையைத் தன் துறைக்குத் தானே எழுதி வைத்திருக்கிறார், ஒரு நீண்ட நோட்டில், தமிழும் ஆங்கிலமும் கலந்து. எண் கிடையாது. 'கேள்வியைத் தானே வடித்திருக்கிறாரா', 'முறையை ஏன் தேர்ந்தார் என்பதற்கு இன்னொரு முறையோடு ஒப்பிட்டுச் சொல்கிறாரா', 'தன் முடிவு எங்கே செல்லாது என்று தெரிகிறதா', 'மைதானத்தில் இருக்கிற ஆளுக்குப் புரியச் சொல்ல முடிகிறதா' என்று கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் நான்கு தரத்துக்கும் விவரணை.

"இதை நாக் ஃபைல்ல வைக்கலியா?"

"எக்செல்ல ஏறாது சார்."

ஆலோசனைக் குழுக் கூட்டம் ஒரு சிறிய அறையில். பழைய ஆட்கள் இன்னும் டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் என்றுதான் சொல்கிறார்கள். குழுவில் துறைத் தலைவரோடு இன்னும் இருவர். வணிகவியல் துறையிலிருந்து ஒரு பேராசிரியர், உடற்கல்வியிலிருந்து ஒருவர். மூலையில் நான்.

வந்த ஆய்வாளர் தென்மாவட்டத்துக்காரர், கபடி ஆடியவர், தோள்களைப் பார்த்தாலே தெரிந்தது. விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாக முறை பற்றிய ஆய்வு. ஸ்லைடுகள் ஓடின. முன்னோர் ஆய்வுகள், கருத்துச் சட்டகம், மாதிரித் தேர்வு. குரல் ஒரே சுதியில் இருந்தது. திரையைப் பார்த்துத் திரையில் இருப்பதையே படித்தார். வணிகவியல் பேராசிரியர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் கண் செருகியது.

"போதும்பா. ப்ரொஜெக்டரை அணைச்சிடு," என்றார் துறைத் தலைவர்.

அறையின் தன்மையே மாறிவிட்டது. இது அவர் வழக்கமாகச் செய்வதாம். கடைசிப் பத்து நிமிடம் ஸ்லைடு கிடையாது, தாள் கிடையாது. அந்தப் பையன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்க ஊர்ல மாவட்டக் கபடிக் கழகச் செயலாளர் இருப்பாருல்ல. அவரு உன்கிட்ட, 'தம்பி, நாலு வருஷமா என்ன எழுதுற?'ன்னு கேக்குறாரு. சொல்லு."

முதலில் 'கவர்னன்ஸ்', 'ஸ்டேக்ஹோல்டர்' என்று ஆரம்பித்தார். துறைத் தலைவர் கையமர்த்தினார். "அவரு எழுந்து போயிட்டாரு. மறுபடி சொல்லு."

பையன் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "அண்ணே, உங்க கழகத்துல யாரு முடிவெடுக்குறா, அந்த முடிவு ஆடுற பயலுக்கு எப்போ தெரியுது, தெரியலைன்னா அவன் யாருகிட்டப் போயி கேக்கணும், இதைத்தான் எழுதுறேன்." வணிகவியல் பேராசிரியர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

அடுத்த கேள்வி கடினமானது. இவர் பதிவு செய்தபோது சங்கங்களுக்கு அளவுகோலாக இருந்தது 2011ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு மேம்பாட்டு நெறிமுறை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. தேசிய விளையாட்டு வாரியம், வழக்குகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் என்று ஏற்பாடே வேறாகிறது. முன்வரைவில் எழுதியிருந்த பாதி அடிப்படை கைவிட்டுப் போன நிலை. இதற்கு என்ன செய்யப் போகிறாய்?

சற்று நேரம் பதிலில்லை. அந்த மௌனத்தை யாரும் நிரப்பாமல் விட்டார்கள். நம் ஊர் நெறியாளர்களுக்கு அரிதான பொறுமை. பிறகு அவர் மெதுவாகச் சொன்னது இது: நேர்காணல்களில் பெரும்பகுதியைச் சட்டம் வரும் முன்பே எடுத்துவிட்டேன், அது வீணில்லை, 'முன்பு' என்ற பக்கம் அது. அதே ஆட்களை மறுபடி பார்த்தால் 'பின்பு' கிடைக்கும். ஆனால் சட்டம் தாளில் வந்ததற்கும் மாவட்டத்தில் இறங்குவதற்கும் இடையில் காலம் ஆகும். அதனால் மாற்றத்தை அளந்தேன் என்று சொல்ல மாட்டேன், மாற்றத்தை எப்படி எதிர்பார்க்கிறார்கள் என்றுதான் சொல்வேன்.

இது நல்ல பதில். முதல்தரமான பதில் என்றே சொல்வேன். கேள்வி புதிது, தயாரிப்பு இல்லை, ஆனாலும் தன் தரவு எதைத் தாங்கும் எதைத் தாங்காது என்று எல்லை போடத் தெரிகிறது. உடற்கல்விப் பேராசிரியருக்கு வேறு கவலை. "பதிவு பண்ணின தலைப்புல 'நெறிமுறை 2011'னு இருக்கே, தலைப்பை மாத்த அனுமதி வாங்கணுமே. அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்னு தெரியுமா?" அதைப் பற்றிய பேச்சு, ஆய்வைப் பற்றிய பேச்சைவிட நீண்டது.

கூட்டம் முடிந்ததும் துறைத் தலைவர் தன் நோட்டில் எழுதுவதை எட்டிப் பார்த்தேன். மறைக்கவில்லை. இதே ஆய்வாளர் பற்றி முந்தைய பருவங்களில் எழுதியவற்றையும் காட்டினார். தொடக்கக் கூட்டம் ஒன்றின் குறிப்பு: 'எதைக் கேட்டாலும் "மேடம் சொன்னாங்க" என்கிறான்.' அடுத்த பருவம்: 'புத்தகத்தில் இருக்கிறது என்கிறான். எந்தப் புத்தகம் என்றும் சொல்கிறான்.' இன்று எழுதியது: 'நான் இப்படித்தான் செய்வேன், ஏனென்றால் என்று மூன்று இடத்தில் சொன்னான். ஒரு இடத்தில் நான் சொன்னதை மறுத்தான்.'

அந்தப் பாக்ஸ் ஃபைல் முழுவதையும்விட இந்தச் சில வரிகள் எனக்குக் கூடுதலாகச் சொல்லின. முனைவர் பட்டத்தில் ஒருவர் கற்றதைக் காட்டுவது அவர் எத்தனை பக்கம் எழுதினார் என்பது அல்ல. முடிவை யார் எடுத்தார்கள் என்று கேட்டால் அவர் யாரைக் கைகாட்டுகிறார் என்பதுதான். இதைப் பார்க்க ஒரே ஆளை ஆண்டுக்கணக்கில், எதிர்பாராத கேள்விகளோடு கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பருவமும் ஆய்வாளர் வந்து நிற்க வேண்டும் என்ற விதி அதற்கான கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அந்தக் கூட்டத்தின் பதிவு 'முன்னேற்றம் திருப்திகரமாக உள்ளது' என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோகிறது.

மதியம் கருத்தரங்கக் கூடத்தில் வாய்மொழித் தேர்வு. ஆய்வாளர் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை, பகுதிநேரமாகப் படித்தவர். தலைப்பு, பெரிய போட்டிகளில் தன்னார்வலர் மேலாண்மை. முன்வரிசையில் அவருடைய அம்மா, கணவர், பள்ளிச் சீருடையில் மகள். பக்கத்து நாற்காலியில் ஒரு துணிப்பை. உள்ளே பொன்னாடைகள் என்பது எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. பிரியாணி வாசனை வேறு. தேர்வின் முடிவு பற்றி அந்தக் கூடத்தில் யாருக்கும் ஐயமே இருக்கவில்லை.

வெளிமாநிலத் தேர்வாளர் நாகரிகமான மனிதர். தேர்வாளர் அறிக்கைகளில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார், ஆய்வாளர் எழுதிக் கொண்டுவந்த பதில்களை வாசித்தார். மாதிரி அளவு ஏன் இவ்வளவு, இந்தப் புள்ளியியல் சோதனை ஏன், எழுத்துப்பிழைகள் திருத்தப்பட்டனவா. பிறகு அவையோர் கேள்வி நேரம். பின்வரிசை முதுகலை மாணவி ஒருத்தி எழுந்து, கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். அதற்கான பதில் ஸ்லைடாகவே தயாராக இருந்தது. இன்னொருவன், இன்னொரு சீட்டு, இன்னொரு ஸ்லைடு. இந்தச் சீட்டு வழக்கத்தை அறியாதவர்கள் யாரும் நம் வளாகங்களில் இல்லை. துறைத் தலைவர் நெறியாளர் அல்ல இதற்கு. அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு பெரியவர் எழுந்தார். ஓய்வுபெற்ற மாவட்ட விளையாட்டு அலுவலர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். சீட்டு எதுவும் கையில் இல்லை.

"ஏம்மா, நான் எத்தனையோ டோர்னமெண்ட் நடத்தியிருக்கேன். மொத நாள் வாலண்டியர் தேனீ மாதிரி வருவான். மூணாவது நாள் பாதிப் பேரு காணாமப் போயிடுவான். உன் ஆராய்ச்சி அதுக்கு என்ன சொல்லுது?"

நெறியாளர் ஒலிவாங்கியை நோக்கிச் சாய்ந்தார். ஆய்வாளர் அதற்கு முன் பேசிவிட்டார். அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் தமிழுக்கு மாறினார்.

"ஐயா, உண்மையைச் சொல்லணும்னா, என் கேள்வித்தாள்ல அதுக்குப் பதில் இல்லை. நான் எடுத்துக்கிட்ட அளவுகோல் கனடாவுல செஞ்சது. அங்க பெண்கள் கர்லிங் போட்டிக்கு வந்த தன்னார்வலர்களை வெச்சு உருவாக்கினது. ஏன் வந்தீங்கன்னு அதுல கேக்குறாங்க. ஏன் நின்னீங்கன்னு கேக்கல. நம்ம பொண்ணுங்க நின்னதுக்குக் காரணம் எனக்குத் தெரியும், நான் அவங்களோட இருந்தேன். ராத்திரி எட்டரைக்கு மேல பஸ் இல்லை. சாப்பாட்டு டோக்கன் தீர்ந்துபோச்சு. ஆனா அதை நான் அளக்கல, அதனால ஆய்வேட்டுல எழுதல. மறுபடி செஞ்சா மொதல்ல அதைத்தான் கேப்பேன்."

அவர் குறிப்பிட்ட அளவுகோல் எனக்குத் தெரிந்ததுதான். 1996இல் கனடாவில் நடந்த பெண்கள் கர்லிங் சாம்பியன்ஷிப்பின் தன்னார்வலர்களை ஆராய்ந்து, 1998இல் முன்பு சொன்ன வட அமெரிக்கச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. உலகம் முழுக்கப் பலர் எடுத்தாண்ட கருவி. பனிக்கட்டியில் கல்லை வழுக்கிவிடும் ஆட்டத்துக்கு உதவ வந்த கனடாக்காரர்களிடம் கேட்ட கேள்விகளை இங்குள்ள கல்லூரி மாணவியிடம் கேட்டால் கொஞ்சம் கிடைக்கும், கொஞ்சம் நழுவும். எது நழுவியது என்று தேர்வாளர்கள் கேட்கவில்லை. நெறியாளரும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. அளக்காததை எழுதக் கூடாது என்றும் தெரிந்திருந்தது. அவர் அந்தப் பட்டத்துக்கு உரியவர் என்று நான் ஒப்புக்கொண்ட இடம் அது.

பெரியவர் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நெறியாளர் அவசரமாக அடுத்த கேள்வியைக் கூப்பிட்டார். தேர்வாளர் ஏதாவது குறித்துக்கொள்வார் என்று பார்த்தேன். அச்சடித்த படிவத்தில் அந்தப் பதிலுக்கு இடமில்லை போலும். 'அனைத்துக் கேள்விகளுக்கும் நிறைவாக விடையளித்தார்' என்ற வாசகம் ஏற்கனவே இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. அறிவிப்பு, கைதட்டல், பொன்னாடைகள். தேர்வாளருக்கு ஒன்று, நெறியாளருக்கு ஒன்று, எதிர்பாராமல் எனக்கும் ஒன்று.

பிரியாணிக்குப் பிறகு துறைத் தலைவரின் அறையில் மறுபடி உட்கார்ந்தோம். அந்தப் பதிலைப் பற்றித்தான் பேச்சு. "அதுதான் விளைவு," என்றார். "அதை எங்க எழுதுறதுன்னுதான் தெரியல." தன் நோட்டு முறையை மற்ற நெறியாளர்களும் பின்பற்ற வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு எங்கே வேறுபடுகிறோம் என்று உட்கார்ந்து பேச வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளில் முடித்தவர்களைச் சேர்த்துப் பார்த்தால் எல்லோருக்கும் பொதுவாக எது பலவீனம் என்று தெரியும், கோர்ஸ் ஒர்க்கை அதற்கேற்ப மாற்றலாம். யாரும் மறுக்கவில்லை. 'என் ஸ்காலரை இன்னொருத்தர் மதிப்பிடுவதா' என்று யாரும் சொல்லவுமில்லை. நேரமில்லை என்றார்கள். அவருடைய சொந்தக் கணக்கில் இதுவரை தெரிந்திருக்கும் பொதுப் பலவீனம் இதுதான்: இங்கே படிப்பவர்கள் புள்ளியியலில் தேறிவிடுகிறார்கள், கேள்வித்தாளை வெளியிலிருந்து எடுக்கும்போது அது எங்கே பிறந்தது என்று பார்ப்பதில்லை. அடுத்த ஆண்டு கோர்ஸ் ஒர்க்கில் இரண்டு வாரம் அதற்கு ஒதுக்கப்போகிறாராம்.

கிளம்பும்போது ஒரு படிவத்தை நீட்டினார். வெளியிலிருந்து வருபவர்களிடம் வாங்க வேண்டிய கருத்துப் படிவம். மறைமுக மதிப்பீட்டின் 20 சதவீதத்தில் அதுவும் சேரும். பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். 'ஆய்வாளர்கள் ஆராய்ச்சித் திறன் பெற்றுள்ளனர்': மிகவும் ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்கிறேன் என்று தொடங்கி வழக்கமான வரிசை. எதிலும் மனம் ஒட்டவில்லை. பேனாவை எடுத்து, படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் காலையில் அந்தக் கபடிக்காரர் சட்டத்தைப் பற்றிச் சொன்னதையும் மதியம் அந்த ஆசிரியை பஸ்ஸைப் பற்றிச் சொன்னதையும் எழுதிக் கொடுத்தேன்.

வாங்கிப் படித்தார். சிரித்தார். அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டு ஸ்கேன் செய்யக் கொடுத்தார். அவர் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், இந்தப் பக்கம் டிக் பண்ணவே இல்லையே. பின்பக்கத்தை ஸ்கேன் எடுக்க மாட்டோம் சார்."

"ரெண்டு பக்கமும் எடுங்க அண்ணே," என்றார் துறைத் தலைவர். "முன்பக்கம் ஃபைலுக்கு. பின்பக்கம் எனக்கு மெயில் பண்ணிடுங்க."

முன்பக்கத்தில் 'ஒத்துக்கொள்கிறேன்' கட்டங்களை நின்றபடியே நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.